அளவுத் தகடும் நீலப் பழமும்

1911-க்குப் பிந்தைய சில கோடைகளில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துப் பைன் காடுகளுக்குள் ஒரு சின்ன அலுமினியத் தகடு கைமாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வட்ட ஓட்டை. விட்டம் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். காட்டுக்குள் போகிறவர் புளூபெர்ரிப் புதரைப் பார்த்தால் அதன் பெரிய பழத்தைப் பறித்து ஓட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்து விழுந்துவிட்டால் அந்தப் புதர் வேண்டாம். நுழையாமல் நின்றால் புதரில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டு, கொஞ்சம் பழங்களைப் புட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். புதருக்கும் காசு, அதைக் காட்டுவதற்குச் செலவான நேரத்துக்கும் காசு.

தகட்டைக் கொடுத்து அனுப்பியவர் எலிசபெத் கோல்மன் வைட் (1871–1954). ஒயிட்ஸ்பாக் என்ற ஊரில் கிரான்பெர்ரிப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் மூத்த மகள். இன்று உலகத்தில் பண்ணைகளில் விளையும் புளூபெர்ரியில் பெரும்பகுதி அந்தத் தகட்டில் தொடங்கிய வம்சாவளியைச் சேர்ந்தது. சுரைக்காயும் கத்தரிக்காயும் ஆயிரக்கணக்கான வருடங்களாக நம்மோடு இருப்பவை. இந்தப் பழம் வயலுக்கு வந்தே ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. ஒரு பயிர் காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த கதையைத் தேதியோடும் பெயரோடும் சொல்ல முடிவது அபூர்வம்.

இப்போது அதே பழம் வேறொரு வேடத்தில் நம் வீடுகளுக்கு வருகிறது. "கொழுப்பைக் கரைக்கும்", "வளர்சிதை மாற்றத்தைத் தூண்டும்" என்ற வாசகங்களோடு, பொடியாகவும் குப்பியில் அடைத்த மாத்திரையாகவும். என் சித்திக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. எடையைக் குறைக்கணும், தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சித்திக்கு முழங்கால் வலி. நடை இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. பிறகு ஒருநாள் போனில் கேட்டார்: "ஏண்டா, அந்த நீலப் பழப் பொடி சாப்பிட்டா கொழுப்பு கரையும்னு ஆராய்ச்சியிலயே நிரூபிச்சுட்டாங்களாமே, நெசமா?"

ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய கேள்வியாகத்தான் நினைத்தேன். படிக்கப் படிக்க, இந்தப் பழத்தை மனிதர்கள் ஒவ்வொரு காலத்திலும் எதைக் கொண்டு அளந்தார்கள் என்ற வரலாறாக அது விரிந்தது. அந்த வரலாறு தெரியாமல் "நிரூபிச்சுட்டாங்க" என்ற சொல்லுக்குப் பொருள் கிடைப்பதில்லை.

நல்ல மண்ணில் செத்துப்போகும் செடி

வைட்டுக்கு முன்பும் இந்தப் பழத்தை மனிதர்கள் தின்றார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வடகிழக்கு அமெரிக்காவின் வாபனாக்கி மக்கள் தரையோடு படரும் காட்டு புளூபெர்ரி நிலங்களைத் திட்டமிட்டு எரித்து, அடுத்த தளிர்ப்பில் நிறையக் காய்க்கவைத்தார்கள். பழத்தின் தலையில் இருக்கும் ஐந்து முனைப் புல்லிவட்டத்தைப் பார்த்து அதை நட்சத்திரப் பழம் என்று அழைத்த மக்களும் உண்டு. பிரெஞ்சுப் பயணி சாமுவேல் தெ ஷாம்ப்ளேன் 1615-இல் ஹியூரான் ஏரிப் பக்கம் போனபோது, அங்கிருந்தவர்கள் இந்தப் பழத்தைக் குளிர்காலத்துக்காக உலர்த்தி வைப்பதைப் பார்த்தார். ஆக, இதை யாரும் "கண்டுபிடிக்க"வில்லை. தோட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் யாராலும் முடியாமல் இருந்தது.

ஏன் முடியவில்லை? ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து, வீட்டில் இருப்பதிலேயே நல்ல மண்ணில் நட்டு, எருவும் சுண்ணாம்பும் போட்டு வளர்த்தார்கள். செடி செத்தது. ராஜ உபசாரம் கொடுக்கக் கொடுக்கச் சீக்கிரம் செத்தது. இது வளர்க்க முடியாத செடி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவில் (1867–1937) 1906-இல் இதைக் கையில் எடுத்தார். பல வருடப் பரிசோதனைகளுக்குப் பிறகு 1910-இல் 'புளூபெர்ரி சாகுபடிப் பரிசோதனைகள்' என்ற துறை அறிக்கையை வெளியிட்டார். சாரம் எளிமையானது: இந்தச் செடிக்கு அமில மண் வேண்டும். எருவும் சுண்ணாம்பும் போட்டு விவசாயிகள் மண்ணின் அமிலத்தை முறித்துவிட்டார்கள், அன்பினாலேயே கொன்றிருக்கிறார்கள். கூடவே வேரில் வாழும் பூஞ்சை, அயல் மகரந்தச் சேர்க்கையின் தேவை என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தார். குளிர்காலத்தில் செடியைக் கதகதப்பான கண்ணாடிக் குடிலில் வைத்துக் காப்பாற்ற முயன்றபோது அது வசந்தத்தில் துளிர்க்கவில்லை. வெளியே குளிரில் கிடந்த செடி துளிர்த்தது. குளிர் அதற்குத் தண்டனை இல்லை, தேவை என்பதையும் அப்படித்தான் கண்டுகொண்டார். இந்தத் தேவையால்தான் பழைய ரகங்கள் வெப்ப மண்டலத்துக்கு வரவே இல்லை. பிற்பாடு ஃப்ளோரிடாவில் அதிகம் குளிர் கேட்காத ரகங்கள் உருவான பிறகே பெரு போன்ற நாடுகள் இந்தச் சந்தைக்குள் நுழைந்தன.

அந்த அறிக்கையை 1911-இல் வைட் படித்தார். அவருடைய பைன் காட்டு மண் மணலும் அமிலமுமானது. நெல்லும் கோதுமையும் மறுத்த மண். கிரான்பெர்ரி இலையுதிர் காலத்தில் அறுவடையாகும். புளூபெர்ரி கோடையில் பழுக்கும். ஆட்களுக்கு இரண்டு பருவத்திலும் வேலை இருக்கும். வைட் கோவிலுக்குக் கடிதம் எழுதினார்: நிலம் என்னுடையது, அறிவு உங்களுடையது. இப்படித் தொடங்கிய கூட்டில் கோவில் கலப்பினம் செய்தார். கலப்பதற்கான தாய்ச்செடிகளைக் காட்டிலிருந்து கொண்டுவருவது வைட்டின் பொறுப்பு. அதற்குத்தான் தகடு.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் பெயர் சூட்டல். எந்தச் செடியை யார் கண்டுபிடித்தாரோ அவர் பெயரையே செடிக்கு வைத்தார் வைட். ரூப் லீக் என்பவர் கொண்டுவந்த செடி அருமையானது. ஆனால் 'ரூப்' என்றால் அங்கே பட்டிக்காட்டான், 'லீக்' என்றால் வெங்காயத் தாள் மாதிரி ஒரு காய். அதனால் ரூப்போடு லீக்கின் முதல் எழுத்தை ஒட்டி 'ரூபெல்' ஆக்கினார். சாம் லெமன் கண்டுபிடித்ததற்கு லெமன் என்று பெயர் வைத்தால் எலுமிச்சை ஆகிவிடும் என்பதால் அது வெறும் 'சாம்'. 1916-இல் முதல் சாகுபடிப் பழம் சந்தைக்குப் போனது. ரூபெல் இன்றும் பயிராகிறது.

அதே காட்டில் இன்னொரு அளவுகோல்

இதே வருடங்களில், இதே மாநிலத்தில் இன்னொரு அளவெடுப்பும் நடந்தது. வைன்லாந்து என்ற ஊரிலிருந்த மனவளர்ச்சிப் பயிற்சிப் பள்ளியின் உளவியலாளர் ஹென்றி காடார்ட் 1912-இல் 'காலிகாக் குடும்பம்' என்ற நூலை வெளியிட்டார். மந்தபுத்தி இரத்தத்தில் வருவது, தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவது என்று ஒரு குடும்ப மரத்தை வரைந்து காட்டிய நூல். அவருக்காகக் களப்பணி செய்த எலிசபெத் கைட் 1913-இல் பைன் காட்டு மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதைப் படித்த மாநில ஆளுநர், இந்த மக்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று பேசும் அளவுக்கு விஷயம் போனது. களப்பணியாளர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்த மாத்திரத்தில் 'மந்தபுத்தி' என்று குறித்துக்கொண்டார்கள். செத்துப்போன பாட்டனார்களுக்கும் அக்கம்பக்கத்துப் பேச்சை வைத்து அதே முத்திரையைக் குத்தினார்கள். பின்னாளில் அந்த நூல் போலி அறிவியலுக்குப் பாடப்புத்தக உதாரணமாக ஆனது.

ஒரே காடு, ஒரே மக்கள். ஒரு தாளில் 'மந்தபுத்திக்காரர்கள்' என்று பதிவானவர்கள், இன்னொரு தாளில் புதிய பயிர் ஒன்றின் கண்டுபிடிப்பாளர்களாகப் பெயரோடு பதிவானார்கள். வைட்டின் தகட்டால் பழத்தின் சுவையையோ செடியின் உறுதியையோ அளக்க முடியாது. அளக்கும் என்று அவரும் சொல்லவில்லை. குறுக்களவை மட்டும் அளந்தது, அதைச் சரியாக அளந்தது. மீதியைத் தோட்டத்தில் நட்டுப் பல வருடம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். காடார்டின் அளவுகோல் எதை அளக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எல்லாவற்றையும் அளந்துவிட்டதாகச் சொன்னது. புளூபெர்ரியின் பிற்கால வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டு தாள்களும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தன.

சோதனைக் குழாயிலிருந்து விளம்பரத்துக்கு

புளூபெர்ரியை நறுக்கினால் உள்ளே வெளிறிய பச்சை. நீலம் தோலில் மட்டும்தான். அந்த நிறத்தைத் தருபவை ஆந்தோசயனின்கள். நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் அதே குடும்பத்துப் பொருள்கள். சின்னப் பழத்தில் எடைக்கு எடை தோல் அதிகம். பெரிய பழத்தில் குறைவு. வைட்டும் கோவிலும் பழத்தைப் பெரிதாக்கினார்கள், அதாவது தோலின் பங்கைக் குறைத்தார்கள். அப்போது யாருக்கும் அது நஷ்டமாகத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் நிறத்தை விற்கவில்லை.

நிறம் விலைபோனது 1990களில். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வேளாண்மைத் துறையின் முதுமை ஆய்வு மையத்தில் குவோஹுவா சாவோ, ரொனால்ட் ப்ரையர் போன்றவர்கள் ஓராக் என்ற சோதனையால் பழங்களையும் காய்களையும் வரிசைப்படுத்தினார்கள். சோதனைக் குழாயில் ஒளிரும் ஒரு பொருளை வைத்து, அதைத் தாக்கும் தனி உறுப்புகளை விடுவார்கள். ஒளி மங்க ஆரம்பிக்கும். பழச்சாற்றைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் மங்காமல் தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் பழத்தின் மதிப்பெண். புளூபெர்ரி முன்வரிசையில் வந்தது. 1999-இல் அதே மையத்தின் ஜேம்ஸ் ஜோசஃப் குழுவினர், 19 மாத வயதான எலிகளுக்கு 8 வாரம் புளூபெர்ரி கொடுத்ததில் அவற்றின் சமநிலையும் ஒத்திசைவும் தேறின என்று எழுதினார்கள். 2000-இல் மத்திய அரசின் ஆணைப்படி புளூபெர்ரி விவசாயிகளிடம் எடைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் செலவிடும் மன்றம் ஒன்று உருவானது. 'சூப்பர் ஃபுட்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது.

2012-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை தன் இணையதளத்திலிருந்த ஓராக் பட்டியலை நீக்கியது. உணவு நிறுவனங்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகின்றன, சோதனைக் குழாயில் கிடைக்கும் அந்த மதிப்புக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை என்பது காரணம். எங்கள் மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு பழைய வசனம் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" ஓடும். கேள்வி அது இல்லை.

பட்டியல் போனாலும் பட்டியல் உண்டாக்கிய பெயர் போகவில்லை. அந்தப் பெயரோடுதான் புளூபெர்ரி அடுத்த அளவுகோலுக்கு நகர்ந்தது: கொழுப்பு.

எரிவதும் குறைவதும்

கொழுப்பு வளர்சிதை மாற்றம் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோம். நடப்பது இதுதான். தேவைக்கு மேல் சாப்பிட்டதைக் கொழுப்பு செல்கள் டிரைகிளிசரைடாகச் சேமிக்கின்றன. தேவைப்படும்போது அதை உடைத்து கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. தசை செல்லுக்குள் போன கொழுப்பு அமிலத்தை, கார்னிட்டின் என்ற சுமைதூக்கி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிவிடுகிறது. அங்கே இரண்டு இரண்டு கார்பனாக வெட்டப்பட்டு எரிகிறது. மூச்சைப் பிடித்து அளந்தால் இப்போது உடல் எதை எரிக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியேறும் கார்பன் டையாக்சைடை உள்ளே போன ஆக்சிஜனால் வகுத்தால், மாவுச்சத்து மட்டும் எரியும்போது 1.0 வரும், கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, விளம்பரங்கள் அனைத்தும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. கொழுப்பு *எரிவது* வேறு, உடலில் கொழுப்பு *குறைவது* வேறு. கையிலிருக்கும் காசுக்கு இரண்டு பை என்று வையுங்கள். காய்கறிக்காரருக்கு இடது பையிலிருந்து கொடுத்தாலும் வலது பையிலிருந்து கொடுத்தாலும் மாதக் கடைசியில் மிச்சம் ஒன்றுதான். வரவும் செலவும்தான் அதைத் தீர்மானிக்கும். நடக்கும்போது கொழுப்பை அதிகம் எரித்த உடல், இரவில் மாவுச்சத்தை அதிகம் எரித்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ள முடியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சான்றுகளைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, செல். டெக்சாஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவி எலியின் கொழுப்பு செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் புளூபெர்ரியின் பாலிஃபீனால்களை ஊற்றினார். 2011-இல் முடிவு அறிவிக்கப்பட்டது: அதிகபட்ச அளவில் செல்களில் சேரும் கொழுப்பு 73 சதவீதம் குறைவு, குறைந்தபட்ச அளவில் 27 சதவீதம் குறைவு. "புளூபெர்ரி கொழுப்பு செல்லை உடைக்கிறது" என்று தலைப்புச் செய்தி வந்தது. ஆனால் நம் கொழுப்பு செல்லின் மேல் யாரும் பழச்சாற்றை நேராக ஊற்றுவதில்லை. வாய், வயிறு, குடல், குடல் நுண்ணுயிர், கல்லீரல் என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் உருமாறித்தான் மிச்சம் இரத்தத்துக்கு வருகிறது. பழத்திலிருக்கும் வடிவத்திலேயே இரத்தத்தை அடையும் ஆந்தோசயனின் மிகமிகக் குறைவு.

இரண்டாம் படி, எலி. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 2003-இல் ஜப்பானில் தகநோரி சுடா குழு, ஊதா மக்காச்சோளத்தின் ஆந்தோசயனின் நிறமியைக் கொடுத்தால் கொழுப்புணவு தின்னும் சுண்டெலிகள் குண்டாவதில்லை என்று காட்டியது. அப்படியானால் புளூபெர்ரி? ஓராக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த அதே ரொனால்ட் ப்ரையர் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கொழுப்பு மிகுந்த உணவு தின்னும் சுண்டெலிகளில் ஒரு கூட்டத்துக்கு முழுப் புளூபெர்ரிப் பொடி. இன்னொரு கூட்டத்துக்குப் பழத்திலிருந்து பிரித்தெடுத்த ஆந்தோசயனினைக் குடிநீரில் கலந்து. பிரித்தெடுத்த நிறமியைக் குடித்தவை குறைவாகப் பெருத்தன. முழுப் பழம் தின்றவை? வெறும் கொழுப்புணவு தின்றவற்றைவிட *அதிகமாகப்* பெருத்தன.

இது என்ன கூத்து என்று தோன்றும். பழத்தில் சர்க்கரையும் இருக்கிறது, ஆந்தோசயனினும் இருக்கிறது என்ற எளிய உண்மை ஒரு பக்கம். ஆனால் மற்ற ஆய்வுகளை அருகில் வைத்தால் குழப்பம் கூடுகிறது. 2009-இல் வெளியான வேறொரு சுண்டெலி ஆய்வில் முழுப் புளூபெர்ரிப் பொடி எடையைக் குறைக்கவில்லை, ஆனால் கொழுப்புத் திசுவின் அழற்சியையும் இன்சுலின் எதிர்ப்பையும் குறைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மரபிலேயே குண்டாகும் ஒருவகை எலிகளுக்கு உணவில் 2 சதவீதம் புளூபெர்ரி சேர்த்து 90 நாள் கொடுத்தபோது வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. ஒரே பழம், மூன்று ஆய்வகம்: கூடியது, மாறவில்லை, குறைந்தது. எலி இனம், உணவின் கொழுப்பு விகிதம், பழத்தின் வடிவம் எல்லாமே வேறுவேறு. இந்த மூன்றில் 'வயிற்றுக் கொழுப்பு குறையும்' என்ற ஒன்றுக்குத்தான் பத்திரிகைகளில் பெரிய இடம் கிடைத்தது.

மூன்றாம் படி, மனிதர்

2010-இல் இரண்டு சோதனைகள் வெளிவந்தன. ஒக்லஹோமாவில் அர்பிதா பாசு குழு, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை என்று பல கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்த 48 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்கு 8 வாரம் தினமும் 50 கிராம் உறைநிலையில் உலர்த்திய புளூபெர்ரி, அதாவது சுமார் 350 கிராம் பழத்துக்குச் சமம். இரத்த அழுத்தம் இறங்கியது. ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். குறைந்தது. சர்க்கரையிலும் வழக்கமான கொழுப்பு அளவுகளிலும் மாற்றம் இல்லை.

இரண்டாவது, லூசியானாவில் ஏப்ரல் ஸ்டல் குழுவினுடையது. பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ள, சர்க்கரை நோய் வராத 32 பேர், 6 வாரம். பழப்பொடி கலந்த பானம் குடித்தவர்களில் 67 சதவீதத்தினருக்கு இன்சுலின் உணர்திறன் பத்து சதவீதமாவது கூடியது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பொடியே இல்லாத பானத்தைக் குடித்தவர்களில் 41 சதவீதத்தினருக்கும் அப்படியே கூடியது. ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த 41-ஐக் காட்டுவேன். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பழத்தின் பங்கு. உடல் கொழுப்போ? மாறவில்லை.

நீண்ட சோதனை இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தினுடையது. 2019-இல் வெளியானது. 50 முதல் 75 வயதுக்காரர்கள். 115 பேர் முடித்தார்கள். 6 மாதம். ஒரு குழுவுக்குத் தினமும் ஒரு கோப்பைப் பழத்துக்குச் சமமான 26 கிராம் பொடி, இன்னொன்றுக்கு அதில் பாதி, மூன்றாவது குழுவுக்கு அதே நிறத்தில் போலிப் பொடி. இவர்கள் முக்கியமாகத் தேடியது இன்சுலின் எதிர்ப்பு குறைகிறதா என்பதை. குறையவில்லை. ஒரு கோப்பைக்காரர்களுக்கு இரத்த நாளங்கள் விரியும் திறன் மட்டும் கூடியது. பாதிக் கோப்பை போதவில்லை.

இந்த மூன்று சோதனைகளுக்கும் புளூபெர்ரி விவசாயிகளின் அந்த மன்றத்தின் பணம் இருந்தது. அதைக் கேட்டதும் "அப்ப எல்லாம் பொய்தானா" என்று தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. காசு கொடுத்தவர்கள் கேட்க விரும்பாத விடையையும் 2019 ஆய்வு வெளிப்படையாக எழுதியிருக்கிறது. காசின் செல்வாக்கு பெரும்பாலும் விடையில் தெரிவதில்லை, கேள்வியில் தெரியும். நாவல் பழத்துக்கோ அத்திப்பழத்துக்கோ இத்தனை சோதனைகள் ஏன் இல்லை என்று யோசித்தால் போதும்.

சரி, மனிதரில் கொழுப்பு எரிவதை நேரடியாக அளந்தவர்களே இல்லையா? உண்டு. 2023-இல் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தினர் உடற்பயிற்சியில் தேர்ந்த 11 ஆண்களை இரண்டு வாரம் தினமும் 25 கிராம் காட்டு புளூபெர்ரிப் பொடி சாப்பிடவைத்தார்கள். முன்னும் பின்னும் 40 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளந்தார்கள். கொழுப்பு எரியும் வேகம் 20-ஆம் நிமிடத்தில் 19.7 சதவீதம், 30-இல் 43.2, 40-இல் 31.1 சதவீதம் கூடியிருந்தது. மாவுச்சத்து எரிவது அதற்கேற்பக் குறைந்தது.

சித்தி கேட்ட "நிரூபிச்சுட்டாங்க" இந்த ஆய்விலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். இது உண்மையான ஆய்வு, முடிவும் ஆர்வமூட்டுவது. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயன்படலாம், அவர்களுக்கு மாவுச்சத்தை மிச்சம் பிடிப்பது முக்கியம். ஆனால் இதில் போலிப் பொடிக் குழு கிடையாது. அந்த 41-ஐ இங்கே கழித்துப் பார்க்க வழியில்லை. 11 பேரும் கட்டுமஸ்தான ஆண்கள். அளந்தது எந்தப் பையிலிருந்து காசு எடுத்தார்கள் என்பதை, கையிருப்பை இல்லை.

கையிருப்பை அளந்த பெரிய கணக்கு வேறொன்று. அமெரிக்காவில் 1,24,086 பேரை அதிகபட்சம் 24 வருடம் தொடர்ந்த தரவுகளை 2016-இல் ஒரு குழு அலசியது. ஃப்ளேவனாய்டு வகைகளிலேயே ஆந்தோசயனினுக்குத்தான் எடையோடு வலுவான தொடர்பு. எவ்வளவு? தினமும் 10 மில்லிகிராம் ஆந்தோசயனின் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு, நான்கு வருடத்தில் ஏறிய எடை சுமார் 100 கிராம் குறைவு. தட்டில் 73 சதவீதமாக இருந்தது மனிதக் கூட்டத்துக்கு வரும்போது நான்கு வருடத்துக்கு நூறு கிராம் ஆகிறது. அதுவும் தொடர்புதான், பழம் நிறையச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டவர்களாக இருக்கக்கூடும்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "கொழுப்பு கரையாது சித்தி. பழம் நல்ல பழம்தான், கிடைச்சா சாப்பிடுங்க. அந்தப் பொடிக்காசுல முழங்காலுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க, அப்புறம் மெதுவா நடக்கலாம்" என்றேன். அவர் கல்லீரலுக்கு வழி முழங்கால் வழியாகத்தான் போகிறது. பழப்பொடி அந்த வழியை மறைக்கும் ஒரு தட்டியாகிவிடக் கூடாது என்பதே என் பயம். புளூபெர்ரியால் யாருக்கும் கெடுதல் வராது. அதை நம்பிச் செய்யாமல் விட்டவற்றால் வரும்.

நீலகிரிச் சோலைகளில் புளூபெர்ரியின் நேரடி உறவுகள் இரண்டு வளர்கின்றன. வாக்சினியம் என்ற அதே பேரினம். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்டிஷ் தாவரவியலாளர். நியூஜெர்சி வைட்டுக்குச் சொந்தமில்லை. ஒன்றுக்கு நீலகிரியின் பெயர். இன்னொன்றுக்குப் புதுச்சேரியிலிருந்து செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனால்ட்டின் பெயர். அவற்றின் சிறிய பழங்களைத் தகடு கொண்டு யாரும் அளக்கவில்லை, அவற்றுக்கு மன்றமோ மதிப்பெண்ணோ இல்லை. அமில மண்ணிலும் குளிர்ந்த காற்றிலும் அவை பாட்டுக்குக் காய்க்கின்றன, பறவைகள் தின்கின்றன.